'வெளியீடு என்ன?': சி மொழிப் பாடத்தில் வரையறுக்கப்படாத நடத்தை – ஒரு விமர்சனம்

சி மொழித் தேர்வுகளில் தவறாமல் இடம்பெறும் கேள்வி வகை ஒன்று உண்டு. நாலைந்து வரி நிரலைக் கொடுத்து, 'இதன் வெளியீடு என்ன?' என்று கேட்பார்கள். கல்லூரி உள்தேர்வு, வேலைக்கான எழுத்துத் தேர்வு, தி. நகர் பயிற்சி மையங்களின் மாதிரித் தாள் என எங்கும் இதைக் காணலாம். நிரலை வரி வரியாக மனத்தில் ஓட்டிப் பார்க்கும் பழக்கத்தை இது வளர்க்கிறது என்பதால் வகை என்ற அளவில் இதில் குறை இல்லை. ஆனால் இந்த வகையின் மிகப் பிரபலமான கேள்விகள் சிலவற்றுக்கு விடையே கிடையாது.

எடுத்துக்காட்டாக, அ என்ற முழு எண் மாறியில் 5 இருக்கிறது. அடுத்த வரி: அ = அ++ + ++அ; இப்போது அ-வின் மதிப்பு என்ன? 11, 12, 13, 14 என நான்கு தெரிவுகள் தரப்படும். சி மொழியின் தரநிலைப்படி இந்த வரிக்குப் பொருளே இல்லை. 12 வரலாம், 13 வரலாம், வேறு எதுவும் வரலாம். 'இந்த நிரலுக்கு வெளியீடு சொல்ல முடியாது' என்று சரியாக எழுதத் தெரிந்த மாணவருக்கு அங்கே தேர்ந்தெடுக்க ஒன்றும் இல்லை. தெரிந்தவர் மதிப்பெண் இழக்கிறார், மனப்பாடம் செய்தவர் பெறுகிறார்.

(மாறிக்கு 'அ' என்று பெயர் வைத்திருப்பது இந்தக் கட்டுரைக்காக மட்டும் அல்ல. ஜிசிசி கம்பைலரின் 10-ஆம் பதிப்பிலிருந்து தமிழ் எழுத்துகளை மாறிப் பெயராக அப்படியே எழுதலாம்.)

மூன்று வகை நிச்சயமின்மை

சி தரநிலை, தான் முடிவு செய்யாமல் விட்ட இடங்களை மூன்றாகப் பிரிக்கிறது. வகுப்பறைகளில் இவை மூன்றும் 'அது கம்பைலரைப் பொறுத்தது' என்ற ஒரே வாக்கியத்தில் கரைந்துவிடுகின்றன. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

முதல் வகை, செயலாக்கம் சார்ந்தது. முழு எண் 16 பிட்டா 32 பிட்டா என்பது போன்றவை. கம்பைலரை உருவாக்குபவர் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதை ஆவணத்திலும் எழுதிவைக்க வேண்டும். இரண்டாவது, குறிப்பிடப்படாதது. ஒரு ஃபங்ஷனுக்குத் தரும் மதிப்புகளில் எது முதலில் கணக்கிடப்படும் என்பது இந்த வகை. எந்த வரிசையிலும் நடக்கலாம், அதை எழுதிவைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. மூன்றாவது, வரையறுக்கப்படாத நடத்தை. இங்கே தரநிலை எந்த நிபந்தனையும் விதிப்பதில்லை. நிரல் நின்றுபோகலாம், தவறான விடை தரலாம், பல ஆண்டுகள் சரியாக ஓடிவிட்டுக் கம்பைலரைப் புதுப்பித்த அன்று கவிழலாம். ஒரு கோவைக்குள் ஒரே மாறியை இடையில் எந்த வரிசையும் உறுதியாகாமல் இருமுறை மாற்றுவது இந்த மூன்றாம் வகையைச் சேர்ந்தது.

'வரையறுக்கப்படாத நடத்தை நிகழ்ந்தால் உங்கள் மூக்கிலிருந்து பேய்கள் பறக்கலாம்' என்று சி நிரலாளர்களிடையே ஒரு பழைய நகைச்சுவை உண்டு. அது நன்மையைவிடத் தீமையே அதிகம் செய்திருப்பதாகத் தோன்றுகிறது. கேட்கும் மாணவர் இதை நடைமுறையில் நிகழாத சட்ட நுணுக்கம் என்று எடுத்துக்கொள்கிறார். நிகழ்ந்ததைக் கீழே பார்ப்போம்.

3 3 1

நம் கல்லூரிகளில் சி படித்த இரண்டு தலைமுறையினர் இரண்டு புத்தகங்களைக் கட்டாயம் அறிந்திருப்பார்கள். ஒன்று, பின்னாளில் கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் இருந்த இ. பாலகுருசாமியின் 'புரோகிராமிங் இன் ஆன்சி சி'. மற்றொன்று நாகபுரியைச் சேர்ந்த யஷவந்த் கனேட்கரின் 'லெட் அஸ் சி'. இரண்டும் மயிலாப்பூர் லஸ் பக்கத்துப் பழைய புத்தகக் கடைகளிலிருந்து விடுதி அறைகள்வரை கைமாறிக்கொண்டே இருப்பவை. கனேட்கரின் புத்தகத்துக்கு ஒரு பெருமை உண்டு. ஆங்கிலத்தைக் கண்டு தயங்கிய மாணவர்களுக்கும் புரியும்படி, எதிரில் உட்கார்ந்து பேசுவது போன்ற நடையில் சி மொழியைக் கொண்டுசேர்த்தது அது. அந்தச் செல்வாக்கின் காரணமாகவே அதன் ஒரு பகுதியைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

டர்போ சி காலத்துப் பதிப்புகளில், ஃபங்ஷன்கள் பற்றிய அத்தியாயத்தில், அழைப்பு மரபை விளக்க ஓர் எடுத்துக்காட்டு வருகிறது. 1 என்ற மதிப்புள்ள மாறி. பிரிண்ட்எஃப் அழைப்பில் முதலில் அந்த மாறி, அடுத்து முன்கூட்டி ஏற்றிய வடிவம், கடைசியில் பின்னர் ஏற்றும் வடிவம். 1 2 3 வரும் என்று நாம் நினைப்போம், வருவதோ 3 3 1. சியின் அழைப்பு மரபு வலமிருந்து இடமாகச் செல்வதுதான் காரணம் என்று விளக்கம் தரப்படுகிறது.

விளக்கம் அழகாக இருக்கிறது. டர்போ சியில் ஓட்டினால் திரையிலும் 3 3 1 தான் தெரியும். சிக்கல் என்னவென்றால், இரண்டு வெவ்வேறு விஷயங்கள் இங்கே ஒன்றாக்கப்பட்டிருக்கின்றன. மதிப்புகளை ஸ்டாக்கில் வலமிருந்து இடமாக வைப்பது அன்றைய பிசி கம்பைலர்களின் ஏற்பாடு. அப்படி வைத்தால் முதல் மதிப்பு எப்போதும் ஸ்டாக்கின் உச்சிக்கு அருகே இருக்கும். எத்தனை மதிப்புகள் வரும் என்று முன்கூட்டித் தெரியாத பிரிண்ட்எஃப் போன்ற ஃபங்ஷன்களுக்கு அது வசதி. ஆனால் எந்த மதிப்பு எங்கே வைக்கப்படுகிறது என்பது வேறு, எது முதலில் கணக்கிடப்படுகிறது என்பது வேறு. எல்லாவற்றையும் இடமிருந்து வலமாகக் கணக்கிட்டு முடித்துவிட்டு, பிறகு வலமிருந்து இடமாக வைப்பதற்கும் கம்பைலருக்கு உரிமை உண்டு.

இதே நிரலை இன்று கிளாங் கம்பைலரில் ஓட்டினால் பொதுவாக 1 2 2 கிடைக்கும். அது இடமிருந்து வலமாகக் கணக்கிடுவது. கூடவே, வரிசை உறுதியாகாத மாற்றம் என்று எச்சரிக்கையும் தரும். எல்லா எச்சரிக்கைகளையும் கேட்டு ஓட்டினால் ஜிசிசியும் எச்சரிக்கும். இதில் புதுமையும் இல்லை. சியை உருவாக்கிய டென்னிஸ் ரிச்சியும் பிரையன் கெர்னிகனும் 1978-இல் எழுதிய மூலநூல், இரண்டாம் அத்தியாயத்தின் முடிவிலேயே, ஃபங்ஷனுக்குத் தரும் மதிப்புகளின் கணக்கீட்டு வரிசையை நம்பி எழுதக் கூடாது என்று சொல்லிவிட்டது.

ஆகவே அந்த எடுத்துக்காட்டின் குறை 3 3 1 என்ற எண்களில் இல்லை. ஒரு கம்பைலரின் தற்செயலை மொழியின் விதியாகக் காட்டியதில் இருக்கிறது. ஒரு தவறான விடையை அடுத்த பதிப்பில் திருத்திவிடலாம். தவறான விதி மாணவரின் மனத்தில் வேறு நூறு விடைகளை உற்பத்தி செய்யும். 'வலமிருந்து இடம்' என்ற சூத்திரம் பயிற்சி மையக் குறிப்பேடுகளுக்குப் போய், அங்கிருந்து வினாத்தாளுக்கு வந்து, அதைத் திருத்துபவர் கையிலும் விடைக்குறிப்பாக அமர்ந்துவிட்டது.

நீலத் திரையின் மிச்சங்கள்

டர்போ சி நல்ல கருவியாக இருந்தது. 1990-களின் தொடக்கத்தில், ஒரே நீலத் திரையில் எழுதவும் தொகுக்கவும் ஓட்டவும் பிழை தேடவும் முடிந்தது பெரிய வசதி. டாஸ் மறைந்த பின்னும் டாஸ்பாக்ஸ் உதவியோடு அதையே ஆய்வகங்களில் ஓட்டிக்கொண்டிருந்ததுதான் விபரீதம். அதனால் திரையைத் துடைக்கும் வரியும் சாவிக்காகக் காத்திருக்கும் வரியும் பாடத்தின் பகுதியாகிப் போனதை விட்டுவிடலாம், அவை வெறும் அழகுக் குறைகள். மெமரி பற்றியும் எண்கள் பற்றியும் அது ஏற்படுத்திய நம்பிக்கைகள் அப்படியல்ல.

டர்போ சியில் முழு எண் 16 பிட். 32767-உடன் 1 கூட்டினால் -32768 வரும். கடிகாரம் போல எண்கள் சுற்றி வருவதாகப் பலகையில் வட்டம் வரைந்து காட்டுவார்கள். குறியில்லா எண்களுக்கு அந்த வட்டம் உண்மை, தரநிலையே அதை உறுதி செய்கிறது. குறியுள்ள எண்களுக்கு எல்லை மீறுதல் வரையறுக்கப்படாத நடத்தை. டர்போ சி அதிகம் யோசிக்காத கம்பைலர் என்பதால் வட்டம் அங்கே பொய்க்கவில்லை.

இன்றைய கம்பைலர் யோசிக்கும். எல்லை மீறலைத் தடுப்பதாக நினைத்து ஒருவர் 'அ + 1 < அ என்றால் பிழை' என்று எழுதுகிறார். அ குறியுள்ள எண். சரியான நிரலில் மீறல் நிகழவே நிகழாது என்று எடுத்துக்கொள்ளக் கம்பைலருக்கு அனுமதி உண்டு. மீறல் இல்லையென்றால் அந்த நிபந்தனை ஒருபோதும் உண்மையாகாது. ஆகவே ஓ2 நிலை மேம்படுத்தலில் ஜிசிசி அந்தச் சோதனையை முழுவதுமாக நீக்கிவிடும். பூட்டு தேவைப்படாது என்று முடிவு செய்து கதவிலிருந்து கழற்றிக்கொண்டு போவதுபோல.

'இன்று எல்லா கம்ப்யூட்டரும் இரண்டின் நிரப்பு முறையில்தானே எண்களை வைக்கின்றன?' என்று கேட்கலாம். ஆம். 2024-இல் வெளியான சி23 தரநிலை அதையே கட்டாயமாக்கியும்விட்டது. ஆனாலும் குறியுள்ள எண்ணின் எல்லை மீறலை அது வரையறுக்காமலேயே வைத்திருக்கிறது. எண் எப்படிச் சேமிக்கப்படுகிறது என்பதும், அந்த மீறலுக்கு மொழியில் பொருள் உண்டா என்பதும் தனித்தனிக் கேள்விகள்.

நிகழ்ந்த கதை 2009-இல், லினக்ஸ் கெர்னல் 2.6.30-இல். டன் என்ற வலைப்பின்னல் டிரைவரில் ஒரு பாயிண்டரின் வழியாக ஒரு மதிப்பை எடுத்துவிட்டு, அடுத்ததாக அந்தப் பாயிண்டர் வெற்றா என்று சோதித்திருந்தார்கள். வெற்றுப் பாயிண்டரின் வழியே படிப்பது வரையறுக்கப்படாத நடத்தை. முன்பே படித்துவிட்டதால் அது வெற்றாக இருக்க முடியாது என்று முடிவுகட்டி, ஜிசிசி சோதனையை நீக்கிவிட்டது. மூல நிரலில் கண்ணுக்குத் தெரியும் பாதுகாப்பு, இயங்கும் நிரலில் இல்லை. அந்த ஓட்டை வழியாகச் சாதாரணப் பயனர் ஒருவர் கணினியின் முழு அதிகாரத்தையும் கைப்பற்ற முடியும் என்று செய்து காட்டப்பட்டது. அதன்பின் வெற்றுப் பாயிண்டர் சோதனைகளை நீக்காதே என்ற விருப்பத்தோடு கெர்னலைத் தொகுக்கத் தொடங்கினார்கள். சி நன்றாகத் தெரிந்தவர்கள் எழுதி, தெரிந்தவர்கள் படித்துப் பார்த்த நிரல் அது.

சர்தார் படேல் சாலையில் ஒரு செயலி

அடையாறிலிருந்து கிண்டிக்குச் செல்லும் சர்தார் படேல் சாலையில், அண்ணா பல்கலைக்கழகத்துக்குக் கொஞ்ச தூரம் முன்னால் ஐஐடி மெட்ராஸ் இருக்கிறது. அங்கே ரைஸ் ஆய்வுக் குழுவில், வி. காமகோடியின் தலைமையில், 2014-ஐ ஒட்டித் தொடங்கியது சக்தி செயலித் திட்டம். ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த கட்டளைத் தொகுதியை அடிப்படையாகக் கொண்டது, புளூஸ்பெக் மொழியில் வடிவமைக்கப்பட்டது. 2018-இல் அதன் சில்லு ஒன்று சண்டிகரை அடுத்த மொகாலியில் உள்ள குறைகடத்தி ஆலையில் 180 நானோமீட்டர் முறையில் தயாரானது. 2020-இல் மத்திய அரசு அறிவித்த சுதேசி மைக்ரோபிராசசர் போட்டி, இந்தச் செயலியை நாடெங்கும் கல்லூரி மாணவர்களின் மேசைக்குக் கொண்டுவந்தது. பினாகா, பரசு போன்ற பெயர்களில் ஆர்ட்டி ஏ7 பலகைகளில் அது ஓடுகிறது. மாணவர் எழுதுவது சி.

நீலத் திரையில் கற்ற சூத்திரங்கள் இங்கே வந்தால் என்ன ஆகும்? முதலில் 3 3 1-இன் விளக்கமே விழுந்துவிடுகிறது. ரிஸ்க்-ஃபைவ் மரபில் முதல் எட்டு முழு எண் மதிப்புகள் ஏ0 முதல் ஏ7 வரையிலான ரெஜிஸ்டர்களில் செல்கின்றன. மேலே பார்த்த பிரிண்ட்எஃப் அழைப்பில் இருப்பதோ நான்கு மதிப்புகள். வலமிருந்து இடமாகத் தள்ளுவதற்கு அங்கே ஸ்டாக்கே தேவைப்படவில்லை.

அடுத்து, பூச்சியத்தால் வகுத்தல். பிசியில் அப்படி வகுத்தால் நிரல் உடனே நின்றுவிடும். 'நிற்கும்' என்பதை மொழியின் விதியாக நினைத்துப் பழகிவிட்டோம். உண்மையில் சியில் அது வரையறுக்கப்படாத நடத்தை. நிறுத்துவது இன்டெல் வகைச் செயலியின் குணம். ரிஸ்க்-ஃபைவ் நிறுத்தாது. எல்லா பிட்டும் 1 ஆன மதிப்பை, அதாவது குறியுள்ள எண்ணில் -1-ஐ, ஈவாகத் தந்துவிட்டு அடுத்த கட்டளைக்குப் போய்விடும். உணரியிலிருந்து வந்த எண் பூச்சியமாகிப்போனால் பலகை அமைதியாக -1 என்று கணக்கிட்டு மோட்டாரைச் சுழற்றிக்கொண்டிருக்கும். கட்டளைத் தொகுதியின் கையேடு இதைத் தெளிவாக வரையறுத்திருப்பதால் நம்பலாமா என்றால், அதுவும் கூடாது. கையேடு வரையறுப்பது கட்டளையை. சி நிரலைக் கட்டளையாக மாற்றும் கம்பைலர், வகுக்கும் எண் பூச்சியமில்லை என்று எடுத்துக்கொண்டு முன்பே வேறு முடிவுகளைச் செய்திருக்கலாம்.

பிட் நகர்த்தலிலும் இதே கதை. 32 பிட் எண்ணை 32 இடம் நகர்த்தினால், ரிஸ்க்-ஃபைவும் இன்டெல்லும் நகர்த்தும் அளவின் கடைசி 5 பிட்டை மட்டும் பார்ப்பதால் எண் மாறாமல் நிற்கும். 32 பிட் ஆர்ம் செயலியில் பூச்சியமாகும். சியில் இரண்டுக்கும் உத்தரவாதம் இல்லை.

இதே வளாகத்திலிருந்து 2019-இல் வந்த ஆய்வு ஒன்று இங்கே குறிப்பிடத்தக்கது. சக்தி-எம்எஸ் என்பது அதன் பெயர். சி நிரல்களில் பாயிண்டர் தன் எல்லையைத் தாண்டுவதையும், விடுவிக்கப்பட்ட மெமரியைத் தொடுவதையும் வன்பொருளே கண்டுபிடிக்கும்படி செயலியில் புதிய கட்டளைகளைச் சேர்த்து, அவற்றைத் தானாகச் செருகும்படி கம்பைலரையும் மாற்றினார்கள். அதற்கான விலை, நிரலின் அளவில் 11 சதவீதமும் ஓடும் நேரத்தில் சராசரியாக 13 சதவீதமும் என்று ஆய்வாளர்கள் கணக்குக் காட்டினார்கள். மதிக்க வேண்டிய வேலை. ஆனால் அதன் எல்லையையும் சொல்ல வேண்டும். அது பிடிப்பது மெமரி தொடர்பான தவறுகளை. எண்ணின் எல்லை மீறலும், அ++ + ++அ போன்ற கோவைகளும் அதன் வட்டத்துக்குள் வருவதில்லை. கம்பைலர் நீக்கிவிட்ட சோதனை எந்தச் செயலியையும் சென்று சேர்வதே இல்லை. சிறந்த வன்பொருளாலும் நிரலாளரின் இந்த அறியாமையை முழுதாக ஈடுகட்ட முடியாது.

எழுதும்போது

கீழ்நிலை நிரலில் இவற்றைத் தவிர்ப்பது கடினமா? பெரும்பாலும் இல்லை. எங்கே வழுக்கும் என்று தெரிந்தால் போதும்.

ரெஜிஸ்டரின் 31-ஆம் பிட்டை ஏற்ற, 1-ஐ 31 இடம் இடப்பக்கம் நகர்த்துவது வழக்கம். வெறும் 1 குறியுள்ள எண் என்பதால் அது வரையறுக்கப்படாத நடத்தை. குறியில்லா 1-ஆக எழுதினால் போதும், சிக்கல் தீர்ந்தது. யுஆர்ட் வழியாக வரும் நான்கு பைட்டுகளை ஒரே சொல்லாகச் சேர்க்கும்போதும் இதே பள்ளம்தான்: 8 பிட் மதிப்பு கணக்கீட்டில் குறியுள்ள முழு எண்ணாக உயர்த்தப்பட்டுவிடும், 128-ஐயோ அதற்கு மேற்பட்டதையோ 24 இடம் நகர்த்தினால் எல்லை மீறும். முதலில் 32 பிட் குறியில்லா வகைக்கு மாற்றிவிட்டு நகர்த்த வேண்டும்.

இதைவிட நயவஞ்சகமானது பெருக்கல். குறியில்லா 16 பிட் மாறிகள் இரண்டு, இரண்டிலும் 65535. குறியில்லா வகைதானே, பாதுகாப்பு என்று நினைப்போம். 32 பிட் முழு எண் உள்ள கம்பைலரில் இரண்டும் குறியுள்ள முழு எண்ணாக உயர்த்தப்படுகின்றன. பெருக்கினால் 4294836225, குறியுள்ள எண்ணின் உச்ச எல்லையோ 2147483647. ஆக, குறியில்லா மாறிகளை மட்டுமே வைத்துக்கொண்டு குறியுள்ள மீறலில் போய் விழுகிறோம். டர்போ சியில் 16 பிட் குறியில்லா எண்ணாகவே பெருக்கப்படுவதால் இதே வரி அங்கே முழுக்க வரையறுக்கப்பட்டது. பழைய ஆய்வகத்தில் சரியாக ஓடியது என்பது எவ்வளவு மோசமான சான்று என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

பைட் அணி ஒன்றின் முகவரியை 32 பிட் எண்ணின் பாயிண்டராக மாற்றிப் படிப்பது பலருக்குப் பழக்கம். பிசி அதைப் பொறுத்துக்கொள்ளும், சிறிய ரிஸ்க்-ஃபைவ் செயலி ஒழுங்கற்ற முகவரி என்று விலக்கு எழுப்பலாம். பாயிண்டர் வகை விதியும் அங்கே மீறப்படுகிறது. மெம்காப்பி மூலம் நகலெடுப்பதே சரி. அது மெதுவாக இருக்கும் என்பது வீண் பயம். அளவு தெரிந்த சிறிய நகல்களை முடிந்த இடத்தில் கம்பைலர் ஒரே கட்டளையாக்கிவிடும். மாறாக, சாதன ரெஜிஸ்டரின் முகவரி எண்ணை வாலடைல் பாயிண்டராக மாற்றுவதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. அது செயலாக்கம் சார்ந்தது, முதல் வகை. 'கீழ்நிலை நிரல் என்றாலே எல்லாம் சூதாட்டம்' என்ற கூற்று சோம்பலுக்கான சாக்கு.

எல்லை மீறலைச் சோதிக்க, சி23-இல் அதற்கென்றே ஒரு தலைப்புக் கோப்பு வந்திருக்கிறது. பழைய ஜிசிசியிலும் உள்ளமைந்த வசதிகள் உண்டு. அவை கிடைக்காவிட்டால், கூட்டிப் பார்த்துச் சோதிக்காமல், உச்ச மதிப்பிலிருந்து கழித்துப் பார்த்துவிட்டுக் கூட்ட வேண்டும். ஜிசிசியிலும் கிளாங்கிலும் சானிட்டைசர் என்ற சோதனை முறை இருக்கிறது. நிரல் ஓடும்போதே வரையறுக்கப்படாத நடத்தைகளில் பலவற்றை வரி எண்ணோடு சொல்லிவிடும், காசு செலவில்லை. இயங்குதளம் இல்லாத பலகையில் செய்தி அச்சிட வழியில்லை என்றால், தவறு நிகழும் இடத்தில் நிரலை நிறுத்திவிடும்படி அதை அமைத்துக்கொள்ளலாம். ஓட்டாத பாதையை அதனால் சோதிக்க முடியாது என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்.

வினாத்தாளுக்கு ஒரு மாற்று

கார் உதிரிபாக மென்பொருள் துறை 1998-லேயே மிஸ்ரா சி என்ற விதித்தொகுப்பை உருவாக்கிக்கொண்டது. கணக்கீட்டு வரிசையை நம்பும் கோவை கூடாது என்பது அதில் ஒரு விதி. சென்னையைச் சுற்றி இத்தனை கார் தொழிற்சாலைகள். அத்துறையில் வேலைக்குச் சேரும் மாணவர், கல்லூரியில் எந்த வரிக்கு வெளியீடு சொல்லி மதிப்பெண் வாங்கினாரோ, அந்த வரியை எழுதவே கூடாது என்று முதல் வாரமே கேட்பார்.

கேள்வி வகையைத் தூக்கி எறிய வேண்டியதில்லை, இரண்டு தெரிவுகளைச் சேர்த்தாலே போதும்: 'வெளியீடு கம்பைலரின் தேர்வைப் பொறுத்தது', 'வெளியீடு வரையறுக்கப்படவில்லை'. எழுத்துத் தேர்வாக இருந்தால், எந்த வரியால் அப்படி ஆகிறது, அதை எப்படித் திருத்துவாய் என்று தொடரலாம். அ++ + ++அ வரியைக் கொடுத்து 'இதை எழுதியவர் என்ன செய்ய நினைத்திருப்பார்? அதை இரண்டு வரிகளில் சந்தேகமில்லாமல் எழுதுக' என்றும் கேட்கலாம். விடை திருத்துபவருக்கு வேலை கொஞ்சம் கூடும். அதே நிரலை ஜிசிசி, கிளாங் இரண்டிலும், மேம்படுத்தல் இல்லாமலும் ஓ2-விலும் ஓட்டி நான்கு விடைகளையும் எழுதச் சொல்வது ஒரு நல்ல ஆய்வகப் பயிற்சி. அதற்கு ஒரு மணி நேரம் போதும்.